புதிய கருவியும் பழகிய கையும்

நெடுங்காலம் தொழில் பழகிய தையற்காரர் ஒருவருடைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் புதிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தால், முதல் சில நாட்களுக்குத் துணி சற்றுக் கோணலாகவே வெட்டுப்படும். புதியது கூர் மிக்கதாக இருக்கலாம். எடை குறைந்ததாகவும் இருக்கலாம். குறை கத்தரிக்கோலில் இல்லை, கையிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்த பழக்கம் அறுந்து போயிற்று என்பதே காரணம். புதிய கருவி எதைத் தருகிறது என்பதை அதனைச் செய்தவர் விரிவாக எடுத்துச் சொல்வார். அது எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைத் தொழில் செய்பவரே, வேலையின் நடுவில், தாமாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

இந்த உண்மை தொழில் வரலாற்றில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு நம் காலத்துக் கணினித் தொழிலிலிருந்து கிடைக்கிறது. மற்றொன்று இலங்கையின் மத்திய மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களின் நூற்றைம்பது ஆண்டுக் கதையில் பதிந்து கிடக்கிறது. ஒன்று திரைப்படத்தைத் தொகுக்கும் வேலை. மற்றொன்று கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலை. வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், மாற்றம் என்பது எவ்வாறு வரவேண்டும், எவ்வாறு வரலாகாது என்பது புலப்படும்.

திரைப்படம் தோன்றிய காலத்தில் படத்தொகுப்பு என்பது கைத்தொழிலாகவே இருந்தது. படச்சுருளை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள்; வேண்டிய இடத்தில் வெட்டுவார்கள்; பசையிட்டு ஒட்டுவார்கள். 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவான் செருரியே என்பவர் ‘மூவியோலா’ என்னும் பொறியைப் படத்தொகுப்பாளர்களுக்கென ஆக்கிக் கொடுத்தார். படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டவேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க அது வழி செய்தது. வெட்டிய துண்டுகளைச் சிறு கொக்கிகளில் தொங்கவிட்டு, அவை தரையில் புரளாதபடி கீழே துணியிட்ட தொட்டி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். எந்தத் துண்டு எந்தக் கொக்கியில் இருக்கிறது என்பதைத் தொகுப்பாளரின் கண்ணும் கையும் அறியும். வானொலி நிலையங்களிலும் இதே முறைதான் பின்னர் வழங்கிற்று. காந்த நாடாவைச் சவர அலகால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்துப் பேச்சுக்களையும் நாடகங்களையும் செப்பம் செய்தார்கள்.

மலைநாட்டுக்கும் இந்தக் கலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் ‘சாங் ஆப் சிலோன்’ என்ற விவரணப் படத்தை எடுத்தார். படம் இலங்கையில் பிடிக்கப்பட்டது. ஒலி இலண்டனில் சேர்க்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் தோட்டத்திலும் துறைமுகத்திலும் நடக்கும் உழைப்பு கண்ணில் படும். காதிலோ சந்தை விலைகளையும் வணிகச் செய்திகளையும் கூறும் குரல்கள் ஒலிக்கும். கொழுந்து பறிப்பவருக்கும் அதற்கு விலை கூறுபவருக்கும் இடையே உள்ள தொலைவை, ஒரு சொல்லும் விளக்கம் கூறாமல், வெட்டி ஒட்டிய முறையினாலேயே அப்படம் உணர்த்திவிட்டது. அடுத்த ஆண்டில் பிரசல்ஸ் நகரப் படவிழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பின்னர் கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பெருவழியில் உள்ள கித்துள்கலையில், களனி ஆற்றங்கரையில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ பெற்ற ஏழு ஒஸ்கார் பரிசுகளுள் படத்தொகுப்புக்கான பரிசும் ஒன்று.

இந்தக் கைத்தொழில் 1980களின் இறுதியில் கணினிக்குள் புகுந்தது. 1989இல் ‘எவிட்’ நிறுவனத்தின் தொகுப்புப் பொறி அறிமுகமாயிற்று. படச்சுருளை வெட்டாமலே, திரையில் காட்சித் துண்டுகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிப் பார்க்க அது இடம் தந்தது. ஆயினும் அதன் விலை மிக அதிகம். பெரிய படநிறுவனங்களே அதை வாங்க இயலும். பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1999இல், ‘அப்பிள்’ நிறுவனம் ‘ஃபைனல் கட் புரோ’ என்னும் மென்பொருளை ஏறத்தாழ ஆயிரம் டொலர் விலையில் வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினியிலே இயங்கியமையால் சிறிய தொகுப்பறைகளும், தனித்துத் தொழில் செய்தவர்களும், பல்கலைக்கழக மாணவர்களும் அதனை விரும்பி ஏற்றார்கள். 2003இல் வெளிவந்த ‘கோல்ட் மவுண்டன்’ என்னும் பெரும்படத்தைப் புகழ்பெற்ற தொகுப்பாளர் வால்டர் மர்ச் இந்த மென்பொருளிலேயே தொகுத்தார்.

இங்கே கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. கணினி புதியதாயினும், அதற்குள் இருந்த பழக்கங்கள் பழையனவே. துண்டுகளை இட்டுவைக்கும் இடத்திற்குப் பழைய துணித் தொட்டியின் பெயரே வழங்கிற்று. படத்திற்கு ஒரு தடம், பேச்சுக்கு ஒரு தடம், இசைக்கு ஒரு தடம் என்று பழைய சுருள்களைப் போலவே வரிசைகள் அமைந்திருந்தன. ஆகவே மூவியோலாவில் பழகிய கை கணினியிலும் வழி தெரியாமல் தடுமாறவில்லை.

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்தது. ‘ஃபைனல் கட் புரோ எக்ஸ்’ என்பது அதன் பெயர். விலை முந்நூறு டொலர்தான். பழைய பதிப்பு 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்த இயலாதது; புதியதற்கு அந்தத் தடை இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் கணக்கீடுகளை முடித்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இருந்தது. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனால் அதைத் திறந்து பார்த்த தொழிலாளர்கள் திகைத்துப் போனார்கள். தடங்கள் என்னும் ஏற்பாடே இல்லை. அதற்குப் பதிலாக, துண்டுகள் காந்தம்போல ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும் புதுவகை வரிசை ஒன்று இருந்தது. தொட்டி போய், வேறு பெயரில் வேறு ஏற்பாடு வந்திருந்தது. ஒரே வேளையில் பல கமெராக்களால் எடுத்த காட்சிகளைப் பொருத்திப் பார்த்துத் தொகுக்கும் வசதி இல்லை. தொகுத்த வேலையை ஒலிச்சேர்க்கை செய்பவருக்கும் நிறம் திருத்துபவருக்கும் அனுப்புவதற்குரிய பட்டியல்களை எடுக்க வழியில்லை. இவை எல்லாவற்றிலும் பெரிய இடி ஒன்று இருந்தது. பழைய பதிப்பில் செய்து வைத்த வேலைகளைப் புதிய பதிப்பு திறக்கவில்லை. பத்தாண்டு உழைப்பு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் பூட்டு மாறிவிட்டது. அத்துடன், புதியது வந்தபோதே பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுவனம் நிறுத்திவிட்டது. பாதி முடிந்த படத்தை வைத்துக்கொண்டு, புதிதாக ஓர் உதவியாளரைச் சேர்த்து அவருக்கும் ஒரு பிரதி வாங்க நினைத்தவர், கடைக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. ஆயிரக்கணக்கான தொகுப்பாளர்கள் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார்கள். போட்டி நிறுவனங்கள் விலையைக் குறைத்து அவர்களைத் தம்பால் அழைத்தன, பலர் போய்விட்டார்கள். நிறுவனமும் விடுபட்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கத் தொடங்கிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் வேலையை வெளியே அனுப்பும் வழி வந்தது. 2012 ஜனவரியில் பல கமெராத் தொகுப்பு வந்தது. பழைய வேலைகளைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றித் தரும் சிறு மென்பொருளை வேறொரு நிறுவனம் ஆக்கிக் கொடுத்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய பதிப்புக்கும் அன்பர்கள் பெருகினார்கள். அதன் காந்த வரிசையே விரைவான வேலைக்கு உகந்தது என்று மெச்சியவர்களும் உண்டு. ஆகவே புதியது தீயது என்று கூறுவதற்கில்லை. புதியது வந்த அன்றே பழையதைக் கையிலிருந்து பறித்ததுதான் பிழை. 2017இல் வெளிவந்த கணினி இயக்கமுறையில் பழைய பதிப்பு இயங்கவே மறுத்தது. அதற்குள் தம் வேலைகளை மாற்றிக்கொள்ளாதவர்களுக்குக் கதவு முற்றாக அடைபட்டது.

இனி மலைநாட்டை நோக்கலாம். அங்கே மாறியது மென்பொருள் அன்று. மலையின் பயிரே மாறிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிச் சீமையின் மலைகளில் எங்கும் கோப்பியே விளைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, தோட்டங்களை அடைந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டில் சில மாதங்களே. பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். வந்தவர்களில் ஆடவரே மிகுதி.

1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்போது கோப்பிக்கு யாதொரு குறையும் இல்லை. கோப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நடவில்லை. கோப்பி தன் இடத்தில் நிற்க, ஒரு புறத்தில் சிறு பரப்பில் புதிய பயிர் சோதிக்கப்பட்டது. பறித்த கொழுந்தை அவர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் மேசைகளின் மேல் இட்டுக் கையாலேயே உருட்டச் செய்தார். மண்ணடுப்பில் கரி மூட்டிக் கம்பித் தட்டுகளில் உலர்த்தினார். 1872இல் நீர்ச்சக்கரத்தால் சுழலும் உருட்டும் பொறி ஒன்றை அமைத்தார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல்தான்.

இதற்கிடையில் 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அப்போது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் டிம்புள்ள, டிக்கோயா மலைகளில் மேலும் மேலும் காடு அழித்துக் கோப்பி நட்டார்கள். 1880களில் அந்தத் தோட்டங்கள் அழிந்தன. சிலர் சிங்கோனா மரத்தை நம்பினார்கள். நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா 1861இல் அமைக்கப்பட்டதே அந்த மரத்தை வளர்ப்பதற்காகத்தான். எல்லோரும் அதையே நட்டபோது விலை சரிந்து அதுவும் கைவிட்டது. இறுதியில் மலைநாட்டைத் தாங்கியது லூல்கந்துரத்தில் இருபது ஆண்டுகளாகச் சோதித்து வைத்திருந்த அந்தப் பயிரே. 1888இல் தேயிலைப் பரப்பு கோப்பிப் பரப்பை விஞ்சிற்று. 1899இல் அது ஏறத்தாழ 400,000 ஏக்கரை எட்டியது. இரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்திருந்தமையால் தேயிலைப் பெட்டிகள் விரைவாகத் துறைமுகம் சேர்ந்தன.

தோட்டத்துரைமார் கணக்கில் இது ஒரு பயிருக்குப் பதில் மற்றொரு பயிர். அவர்கள் எதிர்பாராத மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. தேயிலைச் செடிக்குப் பருவம் என்று ஒன்றில்லை. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை அதே மலையில் மீண்டும் கொழுந்து பறித்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் அப்படியே. பருவத்திற்கு வந்து போகும் தொழிலாளரைக் கொண்டு இந்த வேலையை நடத்த இயலாது. குடும்பமாக வந்து, தோட்டத்திலேயே தங்கி, காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கும் மக்கள் வேண்டும். கொழுந்து பறிப்பதில் பெண்களின் கை தேர்ந்தது என்று கண்டு மலைக்குப் பெண்களை அனுப்பினார்கள். வந்து போனவர்கள் வாழ்பவர்களானார்கள். லயங்களில் குழந்தைகள் பிறந்தார்கள். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசியில் காமன் கூத்து நடந்தது. ஒரு பயிர் மாறியது என்று நினைத்தார்கள். உண்மையில் ஒரு மக்கட் கூட்டமே அங்கு வேரூன்றியது.

ஆனால் பயிர் மாறியபோது ஏற்பாடு மாறவில்லை. சில மாதத் தங்கலுக்குப் போதுமென்று கட்டிய ஒற்றை அறை வரிசைகளிலேயே தலைமுறைகள் வாழ நேர்ந்தது. சட்டத்தின் கண்ணிலும் அவர்கள் வந்து போகும் கூட்டமாகவே தோன்றினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென முடிவாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கோப்பிக் காலத்துக் கணக்கைத் தேயிலைக் காலத்து மக்கள்மீது வைத்துப் பார்த்ததன் விலை இவ்வளவு.

தொழிற்சாலைக்குள்ளும் இவ்வாறே நிகழ்ந்தது. தோட்டத் தமிழில் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் அந்தக் கட்டடத்தில் கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. உருட்டும் வேலையைக் கையிலிருந்து பொறிக்கு மாற்றியதில் அசாமில் உழைத்த வில்லியம் ஜாக்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. உலர்த்தும் வேலையைக் கரியடுப்பிலிருந்து வெப்பக் காற்றுக்கு மாற்றியவர் பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன். அவருடைய ‘சிரோக்கோ’ உலர்த்தி 1877 முதல் புகழ்பெற்றது. கரிப்புகையில் வெந்த தொழிலாளருக்கு அது ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

வாட்டும் வேலைக்கு அந்நாட்களில் மேல்மாடங்கள் இருந்தன. மலைநாட்டுத் தொழிற்சாலைகள் மூன்று நான்கு மாடிகளும் வரிசை வரிசையான சன்னல்களுமாக உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. சணல் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பி, காற்றுக்கும் ஈரத்திற்கும் ஏற்பச் சன்னல்களைத் திறந்தும் மூடியும் 12 முதல் 18 மணி நேரம் வாட்டினார்கள். போதிய அளவு வாடிவிட்டதா என்பதை ஒரு பிடி கொழுந்தைக் கையில் அமுக்கிப் பார்த்துச் சொல்லும் அநுபவசாலிகள் இருந்தார்கள். 1960களுக்குப் பின்னர் நீண்ட தொட்டிகளின் அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதிக் கொழுந்தை வாட்டும் முறை பரவியது. குறைந்த இடத்தில் மிகுந்த கொழுந்தைப் பரப்ப முடிந்தது. வானிலைக்கு அஞ்சவேண்டிய தேவையும் குறைந்தது. மேல்மாடங்கள் பல இடங்களில் தேவைக்கு மிஞ்சியவை ஆயின. கந்தப்பளைக்கு அருகில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை, வேலை ஓய்ந்து நெடுநாள் கிடந்த பின்னர், 1996இல் உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக மாறியது. கொழுந்து வாடிய மாடங்களில் இப்போது விருந்தினர் உறங்குகிறார்கள்.

1930இல் அசாமில் வில்லியம் மக்கெர்ச்சர் ஆக்கிய பொறி வேறொரு படிப்பினையைத் தருகிறது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கும் ‘சி.டி.சி.’ முறை அது. விரைவில் சாயம் இறங்கும் தேயிலையை அது தந்தது. தேயிலைப் பைகளுக்கும் உகந்ததாயிற்று. இந்தியாவும் கென்யாவும் பெரும்பாலும் அதற்கே மாறின. ஆனால் இந்தப் பொறியிலிருந்து நீண்டு சுருண்ட பழைய இலைத் தேயிலை வராது; வாட்டும் பதமும் தரங்களும் வேறு. பழையதன் மேல் இதை ஒட்டவைக்க முடியாது. ஒன்றை ஏற்றால் மற்றொன்றை விடவேண்டும். இலங்கை பெரும்பாலும் பழைய முறையிலேயே நின்றது. டிம்புள்ள, நுவரெலியாத் தேயிலையின் தனி மணம் உலகச் சந்தையில் இன்றும் பெயர் சொல்லி விற்கப்படுவதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம். புதியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதனால் எது போய்விடும் என்று முதலில் எண்ணிப் பார்த்ததன் பயன் அது.

அந்த நிதானம் எப்போதும் காக்கப்படவில்லை. 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதற்குச் சான்று. நாட்டின் வேளாண்மையைப் பத்தாண்டுக் காலத்தில் இயற்கை உரத்திற்கு மாற்றுவதென்று 2019இல் கோட்டாபய ராஜபக்சவின் தேர்தல் அறிக்கை கூறியிருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது. மாற்று உரம் போதிய அளவில் ஆயத்தமாக இல்லை. ஒரு மாவட்டத்தில் சோதித்து, பயனும் இழப்பும் கணக்கிட்ட பின் விரிப்பது என்னும் முறையும் பின்பற்றப்படவில்லை. நெல்வயலும் தேயிலை மலையும் ஒரே நாளில் பழைய முறையை இழந்தன. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது உரத்தின் விலை உலகெங்கும் ஏறியிருந்தது. நாட்டில் அதை வாங்க அந்நியச் செலாவணியும் இல்லை. தேயிலைச் செடி உடனே பட்டுப்போவதில்லை; மெல்ல மெல்லத் துளிர்ப்பைக் குறைக்கும். ஆகவே 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. அது கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி. அவ்வாண்டின் எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டனவாயினும், உரமின்மை அதில் தலையாய காரணம்.

இந்தக் கணக்கை மில்லியன் கிலோவில் சொல்லிவிட்டு நிறுத்துவது முறையன்று. மலையில் அது வேறு அளவில் எண்ணப்படுகிறது. கொழுந்து பறிப்பவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கிலோ என்று ஓர் அளவு உண்டு; பல தோட்டங்களில் அது 16 முதல் 18 கிலோ வரை இருந்தது. அந்த அளவைப் பறித்தால் ஒரு முழுப் ‘பேர்’ விழும். குறைந்தால் அரைப் பேர் என்று கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார். நெடிய போராட்டத்தின் பின்னர், 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பறிக்கவேண்டிய அளவு உயர்த்தப்பட்டதென்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அதே வேளையில் செடியில் கொழுந்து குறையத் தொடங்கிற்று. கை அதே கைதான். காலையில் ஏறிய மலையும் அதே மலைதான். மாலையில் தராசில் கூடையை வைக்கும்போது முள் முன்போல் ஏறவில்லை. கொழும்பில் ஒரு மேசையில் இட்ட ஒப்பத்தின் பிழை, மலையில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அரைப் பேராக விழுந்தது.

படத்தொகுப்பறையும் தேயிலை மலையும் இந்த இடத்தில் சந்திக்கின்றன. இரண்டிலும் மாற்றத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு; அதைக் கையால் செய்தவர்கள் வேறு. தீர்மானித்தவர்களுக்கு அது பட்டியலில் ஒரு வரி. செய்தவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. அமெரிக்கத் தொகுப்பாளர்களுக்கு வேறு நிறுவனத்தின் கருவியை வாங்கிக்கொண்டு செல்லும் வழி இருந்தது. அவர்களுடைய குரல் ஏழு மாதத்தில் கேட்கவும் பட்டது. லயத்தில் வாழ்பவருக்கு வீடும் தோட்டத்தினுடையது, வேலையும் தோட்டத்தினுடையது. அவர்களுக்கு வேறு மலை இல்லை. ஆகவே, மாற்றம் எவரிடம் மிகக் கடுமையாக விழுமோ, அவரிடமே முதலில் கேட்கவேண்டும் என்பது இரக்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று. அதுவே தொழில் நுணுக்கமும் ஆகும். கொழுந்தின் பதம் அறிந்தவர் அதைக் கையால் அமுக்கிப் பார்ப்பவர்தாம்.

இரண்டாவது பாடம், பழையதையும் புதியதையும் சில காலம் அருகருகே ஓடவிடுவது. டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் சோதித்தபோது எவருடைய பிழைப்பும் கெடவில்லை. கோப்பி வீழ்ந்த நாளில் தேயிலை ஆயத்தமாக நின்றது. மென்பொருள் நிறுவனமும் பழைய பதிப்பை இரண்டாண்டு விற்பனையில் வைத்திருந்தால், தன் பழைய வாடிக்கையாளர் பலரை இழந்திராது. உரத் திட்டமும் அறிவித்தபடி பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாக நடந்திருந்தால், நல்ல நோக்கம் என்ற பெயராவது அதற்கு எஞ்சியிருக்கும்.

மூன்றாவது பாடம், பழைய வேலையைத் திறக்கும் திறவுகோலைத் தொலைத்துவிடாமை. இன்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள சிறு படப்பிடிப்பு நிலையங்களில் கணினியில்தான் படம் தொகுக்கப்படுகிறது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்த் திருவிழா, காமன் கூத்து என்று மலைமக்களின் வாழ்வு அங்கே பதிவாகிறது. எழுத்தில் தம் வரலாற்றைப் பெரிதும் எழுதிவைக்க வாய்ப்பில்லாதிருந்த ஒரு சமூகத்திற்கு இப்பதிவுகள் ஏட்டுச் சுவடிகளுக்கு ஒப்பானவை. மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படும்போது, தொகுத்து முடித்த படத்தைப் பொதுவாக எங்கும் ஓடக்கூடிய வடிவில் தனியே எடுத்துவைப்பதும், மூலக் காட்சிகளை வேறிடத்தில் காப்பதும், புதியதில் பழைய வேலை திறக்கிறதா என்று ஒன்றைச் சோதித்த பின்னரே மற்றவற்றை மாற்றுவதும் சிறு வேலைகள்தாம். செய்யத் தவறினால், இறந்துபோன ஒரு பாட்டியின் ஒப்பாரிக் குரல் பெட்டிக்குள் இருந்தும் இல்லாததாகிவிடும்.

லூல்கந்துரத் தோட்டத்தில் டெயிலர் பயிரிட்ட அந்த முதல் நிலப்பகுதி இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அவர் 1892இல் அத்தோட்டத்திலேயே நோயுற்று இறந்தார். மலையைச் சுற்றிப் பார்க்க வருவோர் அவ்விடத்தை இலங்கைத் தேயிலையின் பிறப்பிடம் என்று கண்டு செல்கின்றனர். அவரோடு நின்று அந்தச் செடிகளை நட்ட, அந்தக் கொழுந்தை மேசைமேல் முதன்முதலாக உருட்டிய கைகளுக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை. புதிய கருவியைச் செய்தவரின் பெயரை வரலாறு மறப்பதில்லை. அதற்குத் தம் கையைப் பழக்கிக்கொண்டவர்களின் பெயரையும் அதே ஏட்டில் எழுதத் தொடங்கும்போதுதான், அடுத்த மாற்றம் வருமுன் யாரிடம் கேட்கவேண்டும் என்பது நினைவுக்கு வரும்.